கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும்

2024 தொடக்கத்தில் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் இரண்டு ஆய்வாளர் குழுக்கள் தனித்தனியாக ஒரே யோசனையை முன்வைத்தன. பார்க்கின்சன் நோயை இனி நடுக்கம், விறைப்பு, மந்தநடை ஆகியவற்றைக் கொண்டு வரையறுக்கக் கூடாது, உடலுக்குள் அளக்க முடிகிற அடையாளங்களைக் கொண்டே வரையறுக்க வேண்டும் என்பது அந்த யோசனை. இரண்டிலும், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் நரம்பு முனைகளைப் படமெடுக்கும் டோபமின் ஸ்கேனுக்கு இடம் உண்டு. ஒரு குழு அதை ‘டி’ என்ற எழுத்தால் குறித்தது: டோபமின் நரம்பு செல்களின் செயல்பாட்டில் குறை. மற்றது ‘என்’ என்ற எழுத்தின் கீழ் சேர்த்தது: நரம்பு செல்களின் சிதைவு. இவை ஆராய்ச்சிக்கு மட்டும்தான், சிகிச்சைக்கு அல்ல என்று இரு குழுக்களும் எழுதியிருக்கின்றன. ஆனாலும் அந்த ‘என்’ எனக்கு உறுத்துகிறது. செயல் குறைவது வேறு, செல் அழிவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. நோயாளிகள் அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஸ்கேனுக்காக உடலில் ஏற்றும் கதிரியக்கப் பொருளான டிரேசரை உருவாக்கும் வேதியியலாளர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கார்பன்-11 பாதியாகக் கரைய இருபது நிமிடம்தான் ஆகும். அது கரைந்து தீர்வதற்குள் சைக்ளோட்ரானிலிருந்து எடுத்து, மூலக்கூறில் பொருத்தி, சுத்தம் பார்த்து, நோயாளியின் ரத்த நாளத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்றியது ரத்த–மூளைத் தடுப்பைத் தாண்ட வேண்டும், வேண்டிய ஏற்பியில் மட்டும் ஒட்ட வேண்டும், அதன் சிதைபொருள்கள் மூளைக்குள் புகுந்து படத்தைக் கலைக்கக் கூடாது. 1983இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் தன் தலையையே முதல் டோபமின் ஏற்பிப் படத்துக்குக் கொடுத்தார். ஸ்டாக்ஹோமில் லார்ஸ் ஃபார்டேயும் சகாக்களும் ராக்லோபிரைடைக் கொண்டு மனநோய் மருந்துகள் எத்தனை ஏற்பிகளை அடைக்கின்றன என்று எண்ணிக் காட்டினார்கள். 65 சதவீதத்தை ஒட்டி மருந்து வேலை செய்கிறது, 80ஐ நெருங்கினால் கைகால் விறைக்கிறது என்று பின்னால் தெளிவானது. அள்ளிக் கொடுத்த மருந்தின் அளவைக் குறைக்க இந்தக் கணக்கு உதவியது. இது பெரிய நன்மை.

பென்சில்வேனியாவில் ஹேங்க் குங் உருவாக்கிய டிரோடாட்டும் அப்படித்தான். டெக்னீசியம் என்ற உலோகத்தைச் சுமந்துகொண்டு ஒரு மூலக்கூறு மூளைக்குள் போய் டோபமின் கடத்தியில் ஒட்டுவது எளிய சாதனை இல்லை. அதற்கு சைக்ளோட்ரான் வேண்டாம், சாதாரண காமா கேமரா போதும். நம் ஊர்களில் இந்த ஸ்கேன் செய்ய முடிவது அதனால்தான். வெறும் கைநடுக்கமா, பார்க்கின்சனா என்று மருத்துவர் குழம்பும்போது இது நல்ல துணை. அந்த வேலைக்கு அதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

என் சண்டை, அடுத்த படியைப் பற்றியது.

டோபமின் கடத்தி என்பது நரம்பு முனையில் இருக்கும் ஒரு புரதம். வெளியே விட்ட டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வேலை. டோபமின் பற்றாக்குறையாகும்போது செல் என்ன செய்யும்? வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் விவசாயி வடிமடையை அடைப்பார். வயலில் நிற்கிற தண்ணீர் நிற்கட்டும் என்று. நோய் தாக்கிய செல்லும் கடத்திகளைக் குறைத்துக்கொள்கிறது. விட்ட டோபமின் கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியே தங்கட்டும் என்று. அடைத்த மடைகளை எண்ணிப் பார்த்து இத்தனை வயல் போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிரேசர் எண்ணுவது மடையைத்தான்.

இது ஊகம் இல்லை. 2000இல் கனடாவின் வான்கூவரில் ஒரே நோயாளிகளின் மூளையை மூன்று டிரேசர்களால் படம் எடுத்தார்கள். ஒன்று கடத்தியில் ஒட்டுவது, ஒன்று டோபமினைச் சேமிக்கும் பைகளின் புரதத்தில் ஒட்டுவது, ஒன்று டோபமின் தயாரிக்கும் நொதியைக் காட்டுவது. மூன்றும் நரம்பு செல்லையே எண்ணுகின்றன என்றால் மூன்றிலும் ஒரே விடை வர வேண்டும். வரவில்லை. பைகளின் கணக்கைவிடக் கடத்தி அதிகமாகக் குறைந்திருந்தது. நொதி அவ்வளவு குறையவில்லை. மிஞ்சிய செல்கள் தயாரிப்பைக் கூட்டி, திரும்ப இழுப்பதைக் குறைத்துச் சமாளிக்கின்றன என்பதே இதன் பொருள். ஒரே மூளைக்கு மூன்று விடை வந்த அன்றே, எதை எண்ணுகிறோம் என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டு மேலே போயிருக்க வேண்டும்.

தீர்க்காமலே போனார்கள். 2002இல் வந்த கால்ம்-பிடி ஆய்வில், பிராமிபெக்சோல் என்ற புதிய மருந்தை எடுத்தவர்களுக்கு 46 மாதங்களில் கடத்திப் படம் 16 சதவீதம் மங்கியது, பழைய மருந்தான லெவோடோபாவை எடுத்தவர்களுக்கு 25.5 சதவீதம். அடுத்த ஆண்டு ரியல்-பெட் ஆய்வில், வேறொரு டிரேசரில், ரோபினிரோல் என்ற இன்னொரு புதிய மருந்துக்கு ஆதரவாக இதே போக்கு தெரிந்தது. இரண்டிலும் மருந்தே எடுக்காத ஒப்பீட்டுக் குழு கிடையாது. நடையிலும் கைவேலையிலும் தேறியிருந்தவர்கள் லெவோடோபா எடுத்தவர்கள்தான். என்றாலும் புதிய மருந்துகள் நரம்பைக் காக்கின்றன, லெவோடோபா அரிக்கிறது என்ற பேச்சுதான் பரவியது.

பிறகு 2004இல் எல்டோபா ஆய்வு வந்தது. 361 பேர், நாற்பது வாரம். இந்த முறை வெற்று மாத்திரைக் குழுவும் இருந்தது. மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும், லெவோடோபா எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஸ்கேன் நேரெதிராகச் சொன்னது: அதிக அளவு எடுத்தவர்களுக்கு 7.2 சதவீதம் குறைவு, வெற்று மாத்திரைக்கு 1.4 சதவீதம். மனிதர் தேறுகிறார், படம் மங்குகிறது. எதை நம்புவது என்று இத்தனை தெளிவாகக் கேள்வி எழும்பிய இன்னொரு ஆய்வை நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. சித்தப்பாவின் ஸ்கேன் உறையைப் பிரித்துப் பார்த்தபோது கறுப்புப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு பொட்டுகள் தெரிந்தன. நலமாக உள்ளவருக்கு இருபுறமும் வால் நீண்ட கால்புள்ளி மாதிரி தெரியும். பார்க்கின்சனில் வால் மறைந்து முற்றுப்புள்ளி ஆகிவிடும். அவருக்கு வலது பக்கம் முழு முற்றுப்புள்ளி, இடது பக்கம் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்த மருத்துவர் அந்த மிச்ச வாலைத் தொட்டுக் காட்டி, “இப்பவே சிண்டோபா ஆரம்பிச்சா இதுவும் சீக்கிரம் போயிடும், தள்ளிப் போடுவோம்” என்றார். சிண்டோபா என்பது லெவோடோபா மாத்திரைதான். இரண்டு வருடம் தள்ளிப் போட்டார்கள். அந்த இரண்டு வருடமும் சட்டைப் பொத்தானைச் சித்திதான் போட்டுவிட்டார். சாப்பிடும்போது சாதம் சிந்துகிறது என்று உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதைச் சித்தப்பா நிறுத்திக்கொண்டார். மாத்திரை தொடங்கிய ஒரு மாதத்தில் தானே பொத்தான் போட்டார். அந்த இரண்டு வருடத்தை அவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

லெவோடோபாவைத் தள்ளிப் போடுவதால் பயன் உண்டா என்பதை 2019இல் நெதர்லாந்தில் லீப் ஆய்வு நேரடியாகவே சோதித்தது. உடனே லெவோடோபா தொடங்கியவர்களுக்கும் நாற்பது வாரம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் எண்பதாவது வாரத்தில் வேறுபாடு இல்லை. மருந்து நோயைத் தடுக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை.

எல்டோபாவில் தெரிந்த முரணுக்கு டிரேசர் ஆதரவாளர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. லெவோடோபா கடத்திகளைத் தற்காலிகமாகக் குறைத்திருக்கும், எல்டோபாவில் தெரிந்தது அதுதான், செல் அழிவு அல்ல என்கிறார்கள். இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மருந்தால் படம் மங்க முடியும் என்றால், நோயை எதிர்த்து செல் செய்யும் சமாளிப்பாலும் மங்க முடியும். வேறு மருந்தால் படம் பிரகாசமாகவும் முடியும். அப்படியென்றால் பிராமிபெக்சோல் நரம்பைக் காத்தது என்ற முடிவும் அதே காரணத்தால் விழ வேண்டும். பிடித்த முடிவு வந்தால் செல் கணக்கு, பிடிக்காத முடிவு வந்தால் மருந்தின் விளைவு என்று பேசுவதை அறிவியல் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்த ஆய்வுகளும் உள்ளன. சிலவற்றில் ஸ்கேனும் செல் எண்ணிக்கையும் ஒத்துப்போயின என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 2017இல் ஃபின்லாந்தின் துர்க்கு ஆய்வாளர்கள், உயிரோடு இருந்தபோது ஸ்கேன் எடுத்த பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில் மிஞ்சிய டோபமின் செல்களை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். கடத்திப் படத்துக்கும் செல் எண்ணிக்கைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. குரங்குகளில் நடந்த சோதனைகளும் இதையொட்டியே இருக்கின்றன: செல்கள் பாதி அழியும்வரை படம் கூடவே குறைகிறது, அதற்கு மேல் செல்கள் அழிந்துகொண்டே போனாலும் படம் அடித்தட்டில் அப்படியே நிற்கிறது. நோய் முற்றும் காலத்தில் ஓடாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு நோயின் வேகத்தை எப்படி அளப்பது?

படத்தை நோயின் இடத்தில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அல்சைமர் துறையிலும் உதாரணம் உண்டு. 2021இல் அடுகானுமாப் என்ற மருந்து, மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் படம் வெளுத்ததைக் காரணமாகக் காட்டியே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆலோசனைக் குழுவில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்காத மருந்து அது. 2024இல் அதைத் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது.

ஆகவே ‘டி’ இருக்கட்டும். சோதனைகளுக்கு ஆள் சேர்க்கும்போது, நோய் இல்லாதவர்களை வடிகட்ட அது பயன்படும். எல்டோபாவிலேயே படம் எடுத்த 142 பேரில் 21 பேருக்கு டோபமின் குறையே தெரியவில்லை. ‘என்’ வேண்டாம். கடத்திப் படத்தை நரம்புச் சிதைவின் சான்று என்று எழுதுகிறவர்கள், அந்த டிரேசர் செல்லைத்தான் எண்ணுகிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதுவரை, டிரோடாட் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நோயைக் கண்டறிய அந்தப் படத்தை நம்புங்கள். மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதை, பொத்தான் போட முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று மருத்துவரிடம் சொல்லி முடிவெடுங்கள்.