சுவைத்தவன் சொல்லே சான்றா?

மார்கழி விடியலில் திருவில்லிபுத்தூர்த் தெருக்களிலே நடந்தோர் அறிவர் – ஆண்டாளின் தமிழ் இனிக்கும் தமிழ். நாம் அதை மறுத்ததில்லை. ஆனால், இராசபாளையத்து இளைஞர் சிலரே, "கண்டவரன்றி யார் இப்படிப் பாட முடியும்?" என்று மயங்கும்போது, வாளாவிருக்க நம்மால் முடியவில்லை.

இவ்வாதம் ஆழ்வாரோடு நிற்பதன்று. தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792-இல் பிறந்து, 1838-இல் சென்னையில் மறைந்த மஸ்தான் சாகிபுவுக்காகவும் இதுவே பேசப்படுகிறது. அவர் சூபி வழியினர். அவ்வழிக்குத் தத்துவ அரண் கட்டியவர்களுள் தலையாயவர் கசாலி (1058–1111). பாக்தாதின் நிசாமியாக் கல்விக்கூடத்தில் புகழுச்சியில் இருந்தவர், 1095-இல் பதவியை உதறினார். புலன்கள் பொய்க்கும் என்று ஐயுற்றார். அறிவும் பொய்க்கலாம் என்று ஐயுற்றார். அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆனால், இறைவன் நெஞ்சிற் பாய்ச்சிய ஒளியே தம்மை மீட்டது என்றெழுதி, ஐயத்தின் வாயிலுக்கே தாழிட்டுவிட்டாரே!

நலத்தின் இலக்கணம் அறிவது வேறு, நலமாயிருப்பது வேறு. நோயுற்ற மருத்துவனிடம் இலக்கணம் உண்டு, நலமில்லை – இஃது அவர் காட்டும் உவமை. ஆகவே சுவைத்தவனே அறிந்தவனாம். கேட்கிறோம்: காய்ச்சல் கண்டவன் யாரை நாடுகிறான்? கட்டுடல் படைத்த பக்கத்து வீட்டுக்காரனையா? படுக்கையிற் கிடந்தாலும் அந்த மருத்துவனையன்றோ!

தத்துவவாணரைத் தாக்கிய கசாலியின் நூலைப் பகுதி பகுதியாக எடுத்து மறுத்தார், கார்டோவாவின் இப்னு ருஷ்து (1126–1198). பரிசு? 1195-இல் ஊர்நீக்கம், நூல்களுக்கு நெருப்பு. சூபிகளும் தப்பவில்லை, 922-இலேயே பாக்தாதில் ஹல்லாஜ் கொல்லப்பட்டார். துன்புற்றதனால் ஒருவர் சொல் மெய்யாகிவிடாது. இது நாம் போற்றும் இப்னு ருஷ்துவுக்கும் பொருந்தும்.

மீண்டும் பாட்டுக்கு வருவோம். ஆண்டாளுக்கு இறைவன் மணவாளன். மஸ்தானுக்கோ மனோன்மணி என்னும் காதலி. இருவரும் கண்டது ஒன்றே எனில், அங்கே ஆணாகவும் இங்கே பெண்ணாகவும் வந்தது எங்ஙனம்? விடை வானத்தில் இல்லை, நம் அகப்பாட்டில் இருக்கிறது. பிரிந்தவர் ஏக்கத்துக்குச் சங்கத் தமிழ் வெட்டிய வாய்க்காலில் ஓடும் நீர் இது. தாயுமானவர் நடையும் மஸ்தானின் பாக்களில் ஒலிக்கிறது. மனோன்மணிக் கண்ணியைக் காதற்பாட்டாகப் படித்துப் பாருங்கள், ஓரெழுத்தும் குறையாது.

அவரைத் தேடிச் சமயம் பாராது பலர் வந்தனர். சைவரான சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். எந்த ஒளியைக் கண்டு பாடினார்? எதிரே நின்ற மனிதரைக் கண்டு!