ஊடுருவப்படும் கேடயம்: ‘அரோறா’ விளையாட்டில் அடுக்குப் பாதுகாப்பும் பிழைதேடலும்

கணனி விளையாட்டுக்கள் இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் எம்மிடையே இன்றும் வலுவாகவுள்ளது. நாவலையும் சினிமாவையும் சமூக உற்பத்திகளாக நோக்கப் பழகிய நாம், பெருந்தொகையானோர் ஈடுபடும் ஒரு வடிவத்தை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருத்தமன்று. இக்கட்டுரை அத்தகைய விளையாட்டொன்றின் ஒரு கூறினை மாத்திரம் ஆராய்கிறது. ஏவுகணைகளுக்கு எதிரான அடுக்குப் பாதுகாப்புத் தோல்வியுறும்போது, விளையாடுபவர் அதன் காரணத்தைத் தேடும் முறையே அக்கூறாகும்.

ஸ்டீவ் வாம்ஸ்லி என்பவர் தனியொருவராக உருவாக்கி இலவசமாக வழங்கிவரும் ‘அரோறா’, விண்வெளி மூலோபாய விளையாட்டுக்களுள் தனித்துவமானது. 2020 இல் இது முற்றாகப் புதுக்கி எழுதப்பட்டு வெளியாயிற்று. கண்ணைக் கவரும் காட்சிகள் இதில் இல்லை. அட்டவணைகளும் எண்களுமே உள்ளன. தேடிக் காணல், விரிவடைதல், சுரண்டல், அழித்தொழித்தல் என்னும் நான்கு வினைகளால் ஆங்கிலத்திற் பெயர்பெற்ற வகையைச் சார்ந்தது இது. ஏகாதிபத்தியத்தின் வரலாற்றை இவ்வளவு கூச்சமின்றிச் சுருக்கிக் கூறும் பெயர் வேறெந்தக் கலைவகைக்கும் இல்லை எனலாம்.

இவ்விளையாட்டிற் கப்பற்படை பல அடுக்குகளாற் காக்கப்படுகிறது. தொலைவில், வரும் ஏவுகணையை மற்றோர் ஏவுகணை எதிர்கொள்கிறது. அதற்குத் தப்பியவற்றை, கப்பலை அணுகும் இறுதிக் கணத்தில் விரைவுப் பீரங்கிகள் சுடுகின்றன. அவற்றுக்கும் தப்பியவை காப்புப் புலத்திலும் கவசத்திலும் மோதுகின்றன. திட்டத்தில் முழுமையாகத் தோன்றும் இவ்வமைப்பு முதற் போரிலேயே சிதைந்துவிடக் கூடும். காரணத்தைத் தேடுபவர், ஆயுதங்கள் பழுதற்றிருக்க அவற்றுக்கிடையிலான இணைப்பே அறுந்துள்ளதைக் காண்கிறார்.

உணர்கருவியை எடுத்துக்கொள்வோம். 5,000 தொன் கப்பலைக் காண்பதற்கென வடிவமைக்கப்பட்ட கருவி, 50 தொன் பொருளைத் தன் வீச்சின் பதினாயிரத்தில் ஒரு பங்கு தூரத்திலேயே காணும். ஆகவே பகைக் கப்பலை முன்னரே கண்டுவிட்ட படை, அது ஏவிய கணையைக் காணாமலே அழிந்துபோகலாம். சுடுகட்டுப்பாட்டுக் கருவி செக்கனுக்கு 16,000 கிலோமீற்றர் வேகத்தையே பின்தொடர வல்லதாயிருக்க, கணை 32,000 கிலோமீற்றர் வேகத்தில் வருமாயின், இலக்குத் தவறாமைக்கான வாய்ப்புப் பாதியாகிறது. விளையாட்டின் மிகச்சிறிய கால அலகு ஐந்து செக்கன். அதற்குள் அக்கணை 160,000 கிலோமீற்றரைக் கடந்துவிடும். குறுகிய வீச்சுடைய கதிர் ஆயுதத்தைப் பரப்புப் பாதுகாப்புக்கு நியமித்தால், கணை அதன் வீச்சை ஒரே தாவலிற் கடந்துவிடுகிறது. அதே ஆயுதத்தை இறுதிக்கணப் பாதுகாப்புக்கு மாற்றினால் அது பயன்தருகிறது. பீரங்கியைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைக்க மறந்தாலோ, அது ஊமையாகவே நின்றுவிடும்.

இங்குதான் இவ்விளையாட்டின் யதார்த்தப் பண்பைக் காண்கிறோம். கேடயம் என்பது ஒரு பொருளன்று. அது உறவுகளின் தொகுதி. ஆட்சியாளரின் பேச்சு இவ்வுண்மையை மறைக்கிறது. 1983 மார்ச் 23 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி றேகன், அணுவாயுதங்களை வலுவற்றனவாக்கும் பாதுகாப்பைத் தேடுமாறு விஞ்ஞானிகளை அழைத்தார். 2025 மே மாதம் ஜனாதிபதி ட்ரம்ப், 17,500 கோடி டொலர் செலவிலான ‘பொற்குவிமாடம்’ நூறு வீதத்துக்கு மிக அண்மித்த வெற்றியைத் தருமென்றார். அரோறாவில் அத்தகைய வாக்குறுதிக்கு இடமில்லை. பாதி வாய்ப்புடைய இருபது சூடுகளை நோக்கி நாற்பது கணைகள் ஒருங்கே வந்தால், சராசரியாக முப்பது தப்பிவரும்.

பொருளியல் அடித்தளத்தையும் விளையாட்டு மறைக்கவில்லை. ஏவுகணையின் இயந்திரத்துக்கு ‘கலிசைற்’ என்னும் கற்பனைக் கனிமம் வேண்டும். அது தீர்ந்தால் எதிர்க்கணையும் இல்லை. ஆயுதத் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 50,000 தொழிலாளர் தேவை. அவர்கள் போதாதவிடத்து உற்பத்தி குறைகிறது. தொலைவிற் சிதறும் ஒவ்வொரு கணைக்குப் பின்னும் சுரங்கமும் உழைப்பும் உள்ளன என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் போர்க்கதைகள் அரியவை.

ஆயினும் அவ்வுழைப்பாளர் எண்களாக மட்டுமே நிற்கின்றனர். குடியேற்றங்களில் மக்கள் அமைதியிழப்பதுண்டு. ஆனால் அதற்கான காரணங்களுள் முக்கியமானவை இடநெருக்கடியும் போதிய படைப்பாதுகாப்பு இன்மையுமே. ஆயுதச் செலவின் பொருட்டு அவர்கள் கிளர்ந்தெழுவதில்லை. படையை வேண்டி நிற்கும் மக்களே இவ்விளையாட்டு அறிந்த மக்கள். இதன் கருத்துநிலை துலக்கமாக வெளிப்படுவது இவ்விடத்திலாகும்.

பிழைதேடல் என்னும் செயலும் இக்கருத்துநிலைக்குத் துணைபோகிறது. விளையாட்டில் தோல்வி எப்போதும் திருத்தத்தக்கது. சேமித்த நிலைக்குத் திரும்பிச் சென்று கருவியை மாற்றிவிடலாம். வரலாறு அத்தகையதன்று. 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி சவூதி அரேபியாவின் டஹ்ரானில் ஈராக்கிய ஸ்கட் ஏவுகணையொன்று அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தைத் தாக்கியது. 28 பேர் மாண்டனர். அங்கிருந்த பேற்றியட் அமைப்பு நூறு மணித்தியாலம் ஓய்வின்றி இயங்கியிருந்தது. காலக் கணிப்பில் நேர்ந்த நுண்ணிய வழு திரண்டு ஏறத்தாழ மூன்றிலொரு செக்கனாகியிருந்தது. ராடர் கணையைத் தவறான இடத்தில் தேடியது, எதிர்க்கணை ஏவப்படவேயில்லை. திருத்திய கணனி நிரல் மறுநாள் வந்துசேர்ந்தது. இறந்தோருட் பதின்மூவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நீர்சுத்திகரிப்புப் பிரிவொன்றின் சேமப் படையினர்.

அறுந்த இணைப்பைப் பற்றிய அறிவு டஹ்ரானுக்கு முன்னரே இருந்தது. 1985 இல் கணனி விஞ்ஞானி டேவிட் பார்னஸ், றேகனின் திட்டத்துக்கான ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். உண்மையான போர்ச் சூழலிற் பரீட்சிக்க முடியாத நிரலை நம்பவியலாது என்பதே அவரது வாதம். அரோறாவை விளையாடுபவருக்கு ஒத்திகைகள் பல உண்டு. நகரங்களுக்கு ஒன்றுதானும் இல்லை.

எனவே, இவ்விளையாட்டை நாம் நிராகரிக்கவேண்டியதில்லை. கேடயத்தின் ஓட்டைகளை எண்ணிக் காட்டும் அளவில் அது ஆட்சியாளரின் உரைகளிலும் நேர்மையானது. ஆனால் “ஏன் சுடவில்லை?” என்னும் வினாவோடு அது நின்றுவிடுகிறது. யாருடைய உழைப்பில், யாருடைய முடிவில், யாரைக் காக்க இக்கேடயம் எழுந்தது என்னும் வினாக்கள் அதன் அட்டவணைகளில் இடம்பெறவில்லை. அவற்றை எழுப்புதல் விமர்சகரின் கடமையாகும்.