பழைய மியாட்டாவுக்கு முன் ஸ்ப்ளிட்டர்: பலன் இருப்பது பலகைக்கு அடியில்

அமெரிக்கர்கள் மியாட்டா என்று அழைக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல், 950 கிலோவுக்குப் பக்கத்தில் எடை, மடக்கக்கூடிய துணிக் கூரை, தேவைப்படும்போது மட்டும் எழுந்து நிற்கும் ஹெட்லைட். வளைந்து நெளியும் சாலைகளில் மிதமான வேகத்தில் ஓட்டி மகிழ்வதற்காகவே செய்யப்பட்ட இரண்டு சீட் கார் அது. 1997 வரை தயாரான அந்த முதல் தலைமுறைக் கார்களில் பல, இன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் நாடுகளின் ரேஸ் டிராக்குகளில் ஓடுகின்றன. டயர், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றி முடித்த உரிமையாளர்களில் பலர் அடுத்து வாங்க நினைப்பது முன் ஸ்ப்ளிட்டர். பம்பரின் அடிவிளிம்பில், தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பலகைதான் அது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ளிட்டர் நிச்சயம் வேலை செய்யும். ஆனால் அந்த வேலையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் நடக்கிறது. காரின் பின்பக்கத்தையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துச் சரிசெய்யத் தயாராக இல்லாதவர் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். காற்று தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 60 கிமீ வேகத்தில் எதிர்க்காற்றை முழுதாகத் தடுத்து நிறுத்தினால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். அதுவே 160 கிமீ வேகத்தில் 120 கிலோவைத் தாண்டும். பம்பருக்கு முன்னால் 8 செமீ நீண்டிருக்கும் பலகையை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் அதன் மேற்பரப்பு 0.12 சதுர மீட்டர். பம்பரில் மோதி நிற்கும் காற்று அதன் மேல் முழு அழுத்தத்தோடு உட்கார்ந்தாலும், 160 கிமீ வேகத்தில் கிடைப்பது 15 கிலோவுக்குள்தான். ஓரங்களில் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் நடைமுறையில் இன்னும் குறையும். இப்போது பலகையின் அடிப்பக்கத்துக்கு வாருங்கள். அதே பலகை முன்சக்கரம் வரை 50 செமீ உள்ளே போனால், அடிப்பரப்பு 0.75 சதுர மீட்டர். தரைக்கும் பலகைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு ஓடும் காற்று வேகம் கூடி, அங்கே அழுத்தம் விழுகிறது. அந்த உறிஞ்சல் மேலே சொன்ன அழுத்தத்தில் சராசரியாகப் பாதி அளவுக்கு இருந்தால்கூட 45 கிலோ கிடைக்கும். மேல்பக்கம் தருவதைப் போல மூன்று மடங்கு. முன்னால் நீட்டுவதைவிட உள்ளே நீட்டுவதுதான் லாபம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சந்தையில் அதிகம் விற்கும் பிளாஸ்டிக் லிப், அதாவது பம்பர் விளிம்பில் மாட்டும் சிறிய தகடு, எங்கே நிற்கிறது என்பது தெளிவாகிவிடும். அது பம்பரின் வெளித்தோலில் திருகு போட்டு மாட்டப்படுகிறது. முதல் தலைமுறை மியாட்டாவின் பம்பர் தோல் கையால் அழுத்தினாலே உள்வாங்கும் மென்மையான பிளாஸ்டிக். அதில் தொங்கும் தகடு வேகம் கூடக் கூடக் கீழே வளையும், நடுங்கும், சில சமயம் பிய்த்துக்கொண்டு போகும். உள்ளே நீளாததால் அடிப்பக்க உறிஞ்சலும் மிகக் குறைவு. காரின் அடியில் புகும் காற்றைக் கொஞ்சம் தடுக்கிறதே, அது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். அதை ஏர் டேம் என்று சொல்லி வாங்கினால் ஏமாற்றம் இல்லை. ஆனால் ஊருக்குள் 60 கிமீ வேகத்தில் அதன் மேற்பரப்பு தரக்கூடியது அதிகபட்சம் 2 கிலோ. இதைக் கார் நிறுவனங்களும் உணர்ந்திருந்தன. பிஎம்டபிள்யூ 1995-இல் அமெரிக்காவில் விற்ற எம்3 லைட்வெயிட் காருக்கான பெரிய முன் ஸ்ப்ளிட்டர், பொருத்தப்படாமல் டிக்கியில் வைத்துத் தரப்பட்டது. டிராக்குக்குப் போகிறவர் மாட்டிக்கொள்ளட்டும் என்பதே அதன் பொருள்.

ஆக, உருப்படியான ஸ்ப்ளிட்டர் என்றால் அது சேஸிஸில் இருந்து தொங்க வேண்டும். பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புக் கட்டமைப்பிலும் முன் சப்ஃபிரேமிலும் பிராக்கெட் அடித்து, அதில் பலகையை போல்ட் போட வேண்டும். முன்விளிம்பைத் தாங்க, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள இரண்டு கம்பிகள் மேலிருந்து வர வேண்டும். முன்விளிம்பில் ஒரு ஆள் ஏறி நின்றாலும் பலகை வளையக் கூடாது. இந்தச் சோதனை முரட்டுத்தனமாகத் தோன்றலாம், ஆனால் அதிக வேகத்தில் பலகை தாங்க வேண்டிய விசை அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. பலகைக்கு 12 மிமீ பர்ச் பிளைவுட் இன்றும் நல்ல தேர்வு. 1.6 மீட்டர் அகலம், 60 செமீ ஆழத்தில் வெட்டினால் எட்டு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். விளிம்புகளில் எபாக்சி பூசி மூடாவிட்டால் மழைநீர் ஏறி ஊதிவிடும். கடை முகப்புகளில் ஒட்டும் ஏசிபி ஷீட் எடை குறைவு, நீரும் ஏறாது. ஆனால் மெல்லிய ஷீட் வளையும் என்பதால் அதற்குத் தாங்குகம்பிகள் அதிகம் தேவை. நடுவில் நுரை வைத்த கார்பன் ஃபைபர் எடையிலும் விறைப்பிலும் முதலிடம். ஆனால் தரையில் உரசுவதற்கென்றே இருக்கும் இந்தப் பாகத்துக்கு, உடைந்தால் மறுநாளே புதிதாக வெட்டிக்கொள்ளக்கூடிய பிளைவுட்டே பழைய காருக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்பக்கம். ஸ்ப்ளிட்டரின் விசை முன் ஆக்ஸிலுக்கு முன்னால் விழுகிறது. குழந்தைகள் விளையாடும் ஏற்றப்பலகையின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை எழும்புவது போல, மூக்கை அமுக்கும்போது பின்சக்கரத்தின் சுமை குறைகிறது. மியாட்டாவின் வீல்பேஸ் 2265 மிமீ. நாம் சொன்ன 45 கிலோ விசை முன் ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் முன்னால் விழுந்தால், முன்சக்கரங்களுக்குச் சுமார் 55 கிலோ கூடும், பின்சக்கரங்களில் சுமார் 10 கிலோ குறையும். ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் காரில், முன்பக்கச் சுமை பத்தில் ஒரு பங்கு கூடி, பின்பக்கம் இளைக்கிறது. மெதுவான வளைவில் இது தெரியாது. வேகமான வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். பின்பக்கம் இலேசாவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு முதல் தலைமுறை ஆடி டிடி சாட்சி. ஜெர்மனியின் ஆட்டோபானில் விபத்துகள் நடந்த பிறகு, அந்த நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் ஸ்பாய்லரும், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான ஈஎஸ்பியும் பொருத்தித் தந்தது. இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம் 1990-இன் பிஎம்டபிள்யூ எம்3 ஸ்போர்ட் எவல்யூஷன். 600 மட்டுமே தயாரான அந்தக் காரில் முன் ஸ்ப்ளிட்டரையும் பின் விங்கையும் தேவைக்கேற்ப மாற்றி அமைக்க முடிந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும் என்ற பாடம் அந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது. மியாட்டாவில் கூரையைத் திறந்துவிட்டால் கலங்கிய காற்றுதான் பின் விங்குக்குப் போய்ச் சேரும். எனவே பின் விங்கோடு, துணிக்குப் பதிலாக மாட்டும் கெட்டியான கூரையான ஹார்டுடாப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங். தரைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளிதான் உறிஞ்சலின் அளவைத் தீர்மானிக்கிறது. பலகை 75 மிமீ உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் அடித்ததும் மூக்கு 25 மிமீ தாழ்ந்தால், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முதலில் உறிஞ்சல் ஏறும், இன்னும் தாழ்ந்தால் காற்று ஓட வழியில்லாமல் அடைபட்டு ஒரேயடியாக விழும். அந்தக் கணத்தில் ஓட்டுநர் நம்பியிருந்த பிடிப்பு காணாமல் போகும். மூக்கு எதிர்ப்பக்கம் எழும்பினாலும் கேடுதான். 1999 லெமான் பந்தய வாரத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் மூன்று முறை காற்றில் எழும்பிப் புரண்டன. முன்சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருந்த அவற்றின் மூக்கு, சாய்வு சற்று மாறினாலே அதிர்ச்சி தரும் அளவுக்கு விசையை மாற்றிவிட்டது. நூறு குதிரைத்திறன் சொச்சம் உள்ள மியாட்டா அந்த வேகத்தைத் தொடப்போவதில்லை, ஆனால் விதி ஒன்றுதான். சாலைக்கென்று மென்மையாக அமைந்த கம்பெனி ஸ்பிரிங்கில் பெரிய ஸ்ப்ளிட்டரை மாட்டினால், பிடிப்பு நிலையாக இருக்காது. கூடுவதும் குறைவதுமாகத்தான் இருக்கும்.

ரேடியேட்டர் விஷயத்தில் ஸ்ப்ளிட்டர் உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். மியாட்டாவின் ரேடியேட்டருக்குக் காற்று பம்பரின் வாய் வழியாக வருகிறது. அது கீழே வழிந்துவிடாமல் தடுப்பது அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு. முப்பது ஆண்டு கடந்த கார்களில் அந்தத் தட்டு உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும், இன்ஜின் சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்ப்ளிட்டர் பலகை அந்தத் தட்டின் இடத்தை நிரப்பி, பம்பரோடு இடைவெளியில்லாமல் பொருந்தினால் ரேடியேட்டருக்கு நல்ல காற்று கிடைக்கும். இடைவெளி விட்டுவிட்டால் இரண்டு நஷ்டம். ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காற்றும் குறைகிறது, பலகைக்கு அடியில் உள்ள உறிஞ்சலும் குலைகிறது.

அழகுக்காக மாட்டிக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு, தவறே இல்லை என்பதுதான் பதில். தன் காரைத் தனக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்வது உரிமையாளரின் உரிமை. அப்படியானால் பெரிய பலகை வேண்டாம், சின்ன லிப் போதும். பெரிய பலகை ஸ்பீட் பிரேக்கரிலும் பார்க்கிங் சரிவிலும் இடிக்கும், மனிதர் மேல் மோதினால் காலை வெட்டும். பழைய காரில் துளை போடுவது பாவம் என்பது இன்னொரு எதிர்ப்பு. இதை நான் முழுமையாக மதிக்கிறேன். மாற்றம் செய்யப்படாத முதல் தலைமுறை மியாட்டாக்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. கம்பெனி போட்ட போல்ட் துளைகளையே பயன்படுத்தி, கழற்றினால் தடமே தெரியாதபடி பிராக்கெட் அமைக்க முடியும். அப்படி அமைக்கப்படாத கிட்டை வாங்கக் கூடாது. அதே பணத்தில் நல்ல டயர் வாங்கினால் நேரம் இன்னும் குறையுமே என்பதுதான் எதிர்ப்புகளில் வலுவானது. அது சரியும்கூட. டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஓட்டுநருக்கான பயிற்சி எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்ப்ளிட்டரின் முறை வருகிறது. டயர் எல்லா வேகத்திலும் உழைக்கும். ஸ்ப்ளிட்டர் மணிக்கு நூறு கிமீ தாண்டிய வளைவுகளில்தான் கூலி வாங்கத் தொடங்கும்.

எனவே என் தீர்ப்பு இதுதான். சாலையில் மட்டும் ஓடும் மியாட்டாவுக்கு ஸ்ப்ளிட்டர் தேவையில்லை. அடித்தட்டு உடைந்திருந்தால் அதை மாற்றுவது அதைவிடப் பயனுள்ள செலவு. எப்போதாவது டிராக்குக்குப் போகிறவருக்கு லிப் போதும், அதுவும் பின்பக்கச் சின்ன ஸ்பாய்லரோடு ஜோடியாக. தொடர்ந்து டிராக்கில் ஓட்டுபவர், விறைப்பான ஸ்பிரிங்கும் ஹார்டுடாப்பும் பின் விங்கும் வைத்திருப்பவர், சேஸிஸில் மாட்டும் முழுப் பலகையைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது முன்னால் எத்தனை செமீ நீட்டியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பலகை எவ்வளவு உள்ளே போகிறது, எதில் தொங்குகிறது, பம்பரோடு எப்படிச் சேர்கிறது என்ற மூன்று கேள்விக்கும் நல்ல பதில் தரும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே கொடுத்த காசுக்கு உழைக்கும்.