மூன்றாம் முற்றத்துச் சமையற்கட்டு

குஸ்கோவுக்குப் போவது என்று முடிவானதும் நானும் நண்பனும் முதலில் சண்டை போட்டது அறைக்காகத்தான். விமான டிக்கெட்டுக்குக்கூட அவ்வளவு விவாதம் நடக்கவில்லை. அவன் போனில் ஒரு ஹோட்டலைக் காட்டினான். பழைய துறவிமடம். நடுவில் கல் பாவிய முற்றம், சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம், அடிவாரத்தில் இன்கா காலத்துச் சுவர். "ஒரு ராத்திரியாவது இங்க தங்கலாம்டா, வாழ்க்கைல ஒரு தடவைதானே" என்றான். நான் அப்போதுதான் அர்கேதஸை இரண்டாம் முறை வாசித்து முடித்திருந்தேன். "அங்க தங்கினா நாம யார் பக்கம்னு ஆகும்?" என்று கேட்டேன். "ரூம் போடறதுக்கெல்லாம் பக்கம் பார்ப்பியா நீ?" என்று சிரித்தான்.

பார்க்கத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில் நான் அன்று தப்புப் பண்ணியிருந்தேன். அந்தத் தப்பு நாவலை நான் வாசித்த விதத்திலேயே இருந்தது.

ஹோசே மரியா அர்கேதஸின் 'ஆழமான நதிகள்' 1958இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 1978இல் வந்தது. கதைசொல்லி எர்னெஸ்தோ என்ற பையன். அவன் அப்பா ஊர் ஊராக அலையும் வக்கீல். முதல் அத்தியாயத்தில் இருவரும் ஓர் இரவு குஸ்கோவுக்கு வந்து சேர்கிறார்கள். அது அப்பாவின் சொந்த ஊர். அவர் சொல்லிச் சொல்லியே பையனின் மனதுக்குள் எழும்பி நிற்கும் நகரம். அங்கே அவர்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நாவல் அவரைக் 'கிழவர்' என்றே அழைக்கிறது. நான்கு பெரிய பண்ணைகளின் முதலாளி, மகா கஞ்சன். தோட்டத்துப் பழங்களை அழுக விடுவாரே தவிர, பண்ணையாட்களான செவ்விந்தியர்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டார். ஒரு காலத்தில் அப்பா இந்தக் கிழவரிடம் கணக்கு எழுதிப் பிழைத்தவர்.

அந்த வீட்டில் அவர்களுக்கு எந்த அறை கிடைக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் நிகழ்ச்சி. தூண்கள் வைத்த முதல் முற்றத்தைக் கடந்து, இரண்டாவதைக் கடந்து, மூன்றாம் முற்றத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே தாழ்வாரம்கூடக் கிடையாது. கோவேறு கழுதை ஓட்டிகள் சமைக்கிற இடம்தான் விருந்தாளிகளுக்கான அறை. சுவரெல்லாம் கரி. அந்தக் கரிக்கு நடுவே, சித்திர வேலைப்பாடு செய்த ஒரு பெரிய கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மரியாதையும் அவமானமும் ஒரே அறையில் கிடக்கின்றன. அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது. சீக்கிரமே இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்கிறார்.

இந்த அத்தியாயத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அடுத்து வரும் காட்சிக்குத் தாவிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தாவினேன். பையன் வீட்டை விட்டு ஓடி, இன்கா ரோகாவின் அரண்மனைச் சுவரைத் தொட்டுப் பார்க்கும் காட்சி அது. ஒன்றோடொன்று கோணம் கோணமாய்ப் பொருந்திய கற்கள் அவன் கண்ணுக்கு நதிபோல் அசைகின்றன, கொதிக்கின்றன. கெச்சுவா மொழியில் ரத்த நதி, கொதிக்கும் கல் என்று அவனே சொற்களை அடுக்கிப் பார்க்கிறான். லத்தீன் அமெரிக்க இலக்கியத்தில் கல்லைப் பற்றி இவ்வளவு உயிரோடு எழுதியவர்கள் குறைவு. நெருதாவின் மாச்சு பிச்சு கவிதையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடித்துப்போகும். தொன்மம், பரவசம், மண்ணின் குரல் என்று நமக்கும் சொற்கள் தயாராக இருக்கின்றன.

அர்கேதஸ் மேல் பெரிய மதிப்பு வைத்திருந்த மரியோ வர்கஸ் யோசாகூட, 1996இல் அவரைப் பற்றி எழுதிய நூலுக்கு 'தொன்மையான கற்பனாலோகம்' என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். நவீனத்தை மறுத்து, இழந்துபோன ஒரு பழைய உலகத்தைப் புனைவில் கட்டியவர் என்பது அவரது வாதத்தின் சாரம். சுவர்க் காட்சியைத் தனியே பிரித்து எடுத்தால் அந்த வாதம் சரிதான் என்று தோன்றும்.

ஆனால் பிரித்து எடுக்கக் கூடாது. பையன் சுவரிடம் வருவது சமையற்கட்டைப் பார்த்த பிறகு. அவனுக்குக் கிடைத்த அறைதான் அவனைத் தெருவுக்குத் துரத்துகிறது. இன்கா சுவரின் மேல் ஸ்பானியர்கள் கட்டிய வெள்ளையடித்த மாடி உட்கார்ந்திருக்கிறது. பரவசத்தின் உச்சியிலும் பையன் அதைப் பார்க்கத் தவறவில்லை. அப்பாவிடம் அவன் கேட்கும் கேள்வி இன்காக்களின் பெருமையைப் பற்றியது அல்ல. இப்போது இதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிறான். பிரபு குடும்பம் ஒன்று, அவர்களும் கஞ்சர்கள்தான், ஆனால் கிழவர் அளவுக்கு இல்லை என்கிறார் அப்பா. அப்படியானால் இந்தச் சுவர் ஏன் அவர்களை விழுங்காமல் இருக்கிறது என்பது பையனின் அடுத்த சந்தேகம். இது தொன்மத்தில் மயங்கியவன் கேட்கும் கேள்வி இல்லை. தனக்கு மூன்றாம் முற்றம் ஒதுக்கப்பட்டதை மறக்காத ஒருவன், முதல் முற்றத்துக்காரனைப் பற்றி விசாரிக்கிறான்.

நாவல் வருவதற்கு எட்டு வருஷம் முன்பு, 1950 மே 21 அன்று, குஸ்கோவைப் பெரிய பூகம்பம் தாக்கியது. கொரிகஞ்சா என்னும் இன்கா சூரியக்கோயிலின் மேல் கட்டப்பட்டிருந்த சாந்தோ தொமிங்கோ மடம் பலமாகச் சிதைந்தது. அடியிலிருந்த இன்கா சுவர்கள் அசையாமல் நின்றன, மறைந்திருந்த பகுதிகள் வெளியே தெரிந்தன. அதை அறிந்த வாசகருக்கு, சுவர் விழுங்காதா என்ற கேள்வி வெறும் சிறுபிள்ளைத்தனமாக ஒலித்திருக்காது.

சமையற்கட்டுக்குத் திரும்புகிறேன். அது அப்பாவுக்கு அவமானம். பையனுக்கு? அர்கேதஸின் வாழ்க்கை இங்கே முக்கியம். 1911இல் அந்தாவைலாஸில் பிறந்தவர், சிறுவயதிலேயே தாயை இழந்தவர். மாற்றாந்தாய் அவரை வேலைக்காரர்களோடு சமையற்கட்டில் படுக்கவைத்தாள். மாவு பிசையும் மரத் தொட்டியில்தான் தூங்கினேன் என்று பின்னாளில் எழுத்தாளர் கூட்டம் ஒன்றில் அவரே சொல்லியிருக்கிறார். தண்டனையாகக் கிடைத்த அந்த இடத்தில்தான் அவருக்குக் கெச்சுவா மொழியும் பாட்டும் அன்பும் கிடைத்தன. ஆக, குஸ்கோவின் கரிபடிந்த அந்த அறையில் இரண்டு அர்த்தங்கள் ஒன்றாக இருக்கின்றன. கொடுத்தவன் அதை இழிவாகக் கொடுத்தான். எழுதியவனுக்கு அது தாய்வீடு.

நான் அறை தேடியது இந்த இரண்டாவது அர்த்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு.

குஸ்கோவில் எங்கே தங்குவது என்பது நடைமுறைக் கேள்வியும்தான். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கியதும் பலருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு. அங்கே இதற்குச் சொரோச்சே என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் முதல் இரண்டு இரவை ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கமான உருபம்பா பள்ளத்தாக்கில் தங்கிவிட்டு மேலே வருவார்கள். நகரத்துக்குள் தெரிவுகள் மூன்று. மையச் சதுக்கத்தைச் சுற்றிய பழைய மாளிகைகளும் மடங்களும் விலை கூடியவை. தட்டையான நவீன வீதிகளில் சாதாரண ஹோட்டல்கள். அப்புறம் சான் ப்ளாஸ்: கைவினைஞர்கள் வாழ்ந்த மேட்டுப் பகுதி, செங்குத்தான படிக்கட்டுச் சந்துகள், சின்னச் சின்ன விடுதிகள். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். மலிவான அறைகளில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது.

முதல் வகையைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருந்தது. சான் அந்தோனியோ அபாத் குருமடம் இன்று சொகுசு ஹோட்டல். அங்கே கூடுதல் காசு கொடுத்தால் அறைக்குள் ஆக்சிஜனைச் செலுத்துவார்கள். காற்றுக்கும் முதல் முற்றம், மூன்றாம் முற்றம் வந்துவிட்டது என்று நண்பனிடம் கேலி செய்தேன். சாஃபி தெருவில் ஒரு ஹோட்டல் கட்டுவதற்காக இன்கா சுவர்களையே இடித்ததும், அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி 2019இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் பொதுவில் வந்த செய்திகள். 1983 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிற நகரத்தில் இது நடந்தது. ஆகவே சான் ப்ளாஸ்தான் என்று தீர்மானித்தேன். "உண்மையான" குஸ்கோ அங்கேதான் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். நண்பன் கடைசியில் "சரி, உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டான்.

டாக்ஸி படிக்கட்டின் அடியில் நின்றுவிட்டது. பத்துப் படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. விடுதியிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். என் அம்மா வயசு இருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் என் பெட்டியைத் துணியில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனார். பின்னால் நான் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மேலே போனதும் கோகா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார். அன்றிரவு தலைவலியில் தூக்கமே வரவில்லை. விடியற்காலை வெந்நீர் கிடைக்குமா என்று கீழே போய்ச் சமையற்கட்டுக் கதவைத் தள்ளினேன். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் போர்வைகளைக் குவித்து அந்த அம்மாவும் ஒரு சிறுமியும் படுத்திருந்தார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மேலே வந்து படுத்தபோது எனக்கு உறைத்தது அந்த அறையின் ஏழ்மை மட்டும் அல்ல. இந்த அத்தியாயத்தை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். இரண்டு முறையும் எர்னெஸ்தோவின் கண்களால் மட்டுமே வாசித்திருக்கிறேன். கிழவரின் வீட்டில் இன்னொருவன் இருக்கிறான். அவன் பொங்கோ. பண்ணை முதலாளியின் வீட்டில் முறைவைத்துக் கூலியில்லாமல் வேலை செய்யும் செவ்விந்தியனுக்கு அந்தப் பெயர். வெறுங்காலோடு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறான். பையன் அன்பாகப் பேசினாலும் அவனுக்குப் பயம்தான் வருகிறது. அப்பாவும் மகனும் சமையற்கட்டில் படுக்க வேண்டி வந்ததே என்று கொதித்த நான், பொங்கோ எங்கே படுப்பான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மூன்றாம் முற்றத்துக்கும் பின்னால் ஓர் இடம் இருந்திருக்கும். நான் எர்னெஸ்தோவாக ஊருக்குள் நுழைந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி தூக்க ஆள் வைத்திருப்பவன் எர்னெஸ்தோ இல்லை.

நாவலும் இதில் முழுசாகத் தப்பிவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். முதல் அத்தியாயத்து பொங்கோ, பையனின் கருணைக்கு ஒரு பொருளாகத்தான் நிற்கிறான். இந்தக் குறை அர்கேதஸுக்கே தெரிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 1965இல் கெச்சுவாவிலும் ஸ்பானியத்திலும் அவர் வெளியிட்ட 'பொங்கோவின் கனவு' கதையில், அதே மாதிரிக் குறுகிய உருவம் வாய் திறக்கிறது. செத்துப்போன பிறகு முதலாளியின் உடம்பில் தேனும் தன் உடம்பில் மலமும் பூசப்பட்டதாகத் தன் கனவை முதலாளியிடமே சொல்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் நக்க வேண்டும் என்பது அங்கே தீர்ப்பு. 'ஆழமான நதிகள்' நாவலின் முடிவிலும் பண்ணையாட்கள் தடையை மீறி ஆற்றைக் கடந்து அபன்காய் நகருக்குள் திரண்டு வருகிறார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் தங்களுக்கான பூசையைக் கேட்டு வாங்குகிறார்கள். நகரத்துக்குள் யார் நுழையலாம், யார் எங்கே நிற்கலாம் என்று முதல் அத்தியாயத்தின் சமையற்கட்டில் தொடங்கிய கேள்வி கடைசிவரை வருகிறது. பழைய உலகத்தைப் பார்த்து ஏங்கும் நாவல் என்று மட்டும் இதைச் சொல்ல முடியாது என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

இப்போது யாராவது குஸ்கோவில் எங்கே தங்கலாம் என்று கேட்டால், மடத்து ஹோட்டல் பாவம், சான் ப்ளாஸ் புண்ணியம் என்று நான் சொல்வதில்லை. சான் ப்ளாஸ் எனக்குக் கொடுத்தது நல்ல அறை. விலை குறைவு, ஜன்னலில் ஊர் முழுக்கத் தெரிந்தது. அந்த விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதைக் கீழே சமையற்கட்டில் பார்த்தேன். முதலில் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டு வாருங்கள், படிகளை எண்ணிக்கொள்ளுங்கள், ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். உங்கள் படுக்கையை விரிப்பவர் எங்கே படுக்கிறார் என்றும் கேளுங்கள். கேட்பதால் எதுவும் மாறிவிடாது. ஆனால் கேட்காமல் நாம் பார்க்கிற குஸ்கோ பாதிதான்.

காலையில் நண்பனிடம் சமையற்கட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முந்தின நாளே போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும், பேத்தி எத்தனாவது படிக்கிறாள் என்பதையும் கேட்டு வைத்திருந்தான். அர்கேதஸை அவன் ஒரு வரிகூட வாசித்ததில்லை.

அன்று ஹதுன் ருமியோக் தெருவுக்குப் போனோம். இன்கா ரோகாவின் சுவர் அங்கேதான். பன்னிரண்டு கோணக் கல்லின் முன்னால் செல்ஃபிக் கூட்டம். தொடக் கூடாது என்பதால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். கல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நண்பன் கல்லைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேலே இருந்த வெள்ளை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, இதுக்குள்ள இப்ப யாரு இருக்காங்க?" என்றான்.