நோன்பு முடிந்த காலையில் ஓர் ஆப்பம்

டிசம்பர் முதல் தேதி மாலை வைட்டிலா மெட்ரோ நிலையத்தில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நடந்தால், வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கும். முன்பெல்லாம் மூங்கில் சிம்புகளைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பார்களாம். இப்போது கடையில் வாங்கி விரித்து மாட்டுகிறார்கள். கொச்சிக்குக் குடிவந்த முதல் வருடம், அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பண்டிகை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மச்சிக்கு ஆசையாக நெத்திலிக் குழம்பு கொண்டுபோனேன். "நோம்பாணு மோளே" என்று சிரித்தபடியே கிண்ணத்தைத் திருப்பித் தந்தார்.

சுரியானி கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 1 முதல் 24 வரை நோன்புக் காலம். நாள் இருபத்துநான்கானாலும் ‘இருபத்தைந்து நோம்பு’ என்பார்கள். இறைச்சி, மீன், முட்டை கிடையாது. பாலையும் ஒதுக்கும் வீடுகள் உண்டு. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கேரளத்துக் கிறிஸ்துமஸை ரசிக்க விரும்புகிறவர்கள் விருந்துக்கு மட்டும் வந்தால் பாதியைத் தவறவிட்டவர்கள் ஆவார்கள். அந்த மாதம் முழுவதும் வீடு எப்படிக் காத்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

முதலில் புல்கூட்டைப் பாருங்கள். நம் ஊரில் குடில் என்கிறோமே, அதுதான். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ், வைக்கோலும் மாடும் கழுதையுமாக ஒரு தொழுவத்தை அமைத்துக் காட்டியதிலிருந்து பரவிய வழக்கம் இது. இங்கே அதில் நெல் முளைக்கிறது. டிசம்பர் நடுவில் தட்டில் மண் பரப்பி நெல்லை விதைத்து, பண்டிகைக்குள் விரல் நீளத்துக்குப் பச்சை எழும்படி பிள்ளைகள் தண்ணீர் தெளிக்கிறார்கள். தமிழ்நாட்டில் கேழ்வரகு விதைப்பவர்கள் உண்டு. முளைப்பாரி பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் வந்துவிட்ட பிறகும் நடுவில் தீவனத்தொட்டி காலியாகவே இருக்கும். 24-ம் தேதி நள்ளிரவில்தான் உண்ணியேசுவை, அதாவது குழந்தை இயேசுவை, அதில் வைப்பார்கள். அம்மச்சி வீட்டில் அதுவரை அந்தப் பொம்மை அலமாரியில் ஒரு வெள்ளைத் துணிக்குள் இருக்கும். எடுத்து வைப்பது வீட்டின் கடைசிக் குழந்தை. தூக்கம் கண்ணைச் சுழற்ற, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அது நடந்துவருவதைப் பார்க்க வேண்டும்.

அன்றிரவு யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் முற்றத்தில் சிலுவை வடிவில் குழி வெட்டித் தீ வளர்ப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று பத்திரப்படுத்திய ஓலை அந்தத் தீக்குப் போகும். ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை குந்திரிக்கம் இடுவார்கள். இயேசு பிறந்த இரவில் இடையர்கள் குளிர் காய்ந்த தீயின் நினைவு அது. நாம் சற்றுத் தள்ளி மௌனமாக நின்றால் போதும்.

கேக்குக்கு வருவோம். அதற்கும் இந்த மண்ணில் ஒரு பிறப்பிடம் உண்டு. 1883-ல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம், முர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி இங்கிலாந்தில் செய்த கேக் ஒன்றைக் காட்டி அதுபோலச் செய்யச் சொன்னார். மாஹியிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னாராம். பாப்புவோ முந்திரிப்பழமும் கதலியும் போட்டு வடித்த நாட்டுச் சரக்கைச் சேர்த்தார் என்பார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்பது கேரளத்தின் பெருமை. கேக்கை வாயில் போடும் முன் அதன் நிறத்தைப் பாருங்கள். அந்தக் கருஞ்சிவப்பு, சர்க்கரையைக் கருக்கியதால் வந்தது. ஒரு நொடி முந்தினால் வெறும் இனிப்பு, ஒரு நொடி பிந்தினால் கசப்பு. நல்ல கேக்கில் அந்தக் கசப்பு நாவின் ஓரத்தில் லேசாகத் தட்டும்.

நேரம் இருந்தால் வைட்டிலாவிலிருந்து பஸ் ஏறி ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பக்கம் போய் ‘ப்ரூடர்’ ரொட்டி கேளுங்கள். உலர்திராட்சை போட்ட இந்த இனிப்பு ரொட்டி, 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. இலங்கையில் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையில் வெண்ணெயும் சீஸும் வைத்துச் சாப்பிடுவதும் இதைத்தான்.

ஆனாலும் என் மனசு நிற்பது 25-ம் தேதி காலை அடுப்படியில்தான். பச்சரிசியும் தேங்காயும் அரைத்து, கள் விட்டு இரவெல்லாம் புளித்துப் பொங்கிய மாவை அம்மச்சி ஒரு கரண்டி எடுத்துச் சட்டியில் ஊற்றுவார். காதைப் பிடித்து ஒரே சுற்று. மாவு ஓரமெல்லாம் ஓடி, சரிகை போல ஒட்டிக்கொண்டு, மிச்சம் நடுவில் வந்து உட்காரும். மூடிவிட்டுப் பக்கத்து அடுப்புக்குத் திரும்புவார். இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியில் தலைப்பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குவார்; அதுதான் இஷ்டு. இருபத்துநான்கு நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வரும் முதல் இறைச்சி வாசனை அது. முதல் வாய் வைக்கும்போது மேசையில் யாரும் பேசுவதில்லை.

உங்களுக்கு அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். வெறும் வயிற்றோடு, காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஆப்பத்தைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே, ஓரத்து மொறுமொறுப்பு குழையும் முன் சாப்பிட வேண்டும்.