விளக்கு தெரிந்தால் போதுமா?

திண்டுக்கல்லுக்கு விமான நிலையம் கிடையாது. வளைகுடா போகிறவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ கார் பிடிக்கிறார்கள். ஆனால் இரவில் விமானியின் கண் எப்படி ஏமாறும் என்பதை இங்கிருந்தே தெரிந்துகொள்ளலாம். இருட்டிய பின் சிறுமலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்று பாருங்கள். கீழே ஊர் விளக்குகள், நடுவில் கும்மிருட்டு. ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நாம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று கண்ணால் சொல்ல முடியாது. பகலில் தூரத்தை அளந்து தரும் மரமும் வீடும் சாலையும் இருட்டில் இல்லாமல் போய்விடுகின்றன.

விமானிகள் இதை 'பிளாக் ஹோல்' என்கிறார்கள். இருண்ட நிலத்துக்கு அப்பால் வெளிச்சமான நகரம் இருக்கும்படி அமைத்த செயற்கைப் பறப்புக் கருவியில், போயிங் நிறுவனத்தின் உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட் 1960களின் இறுதியில் சோதனைகள் நடத்தினார். கண்ணை மட்டும் நம்பி இறங்கிய அனுபவசாலிகளே வரவேண்டிய உயரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். மழை இந்த மயக்கத்தைக் கூட்டுகிறது. முன்கண்ணாடியில் வழியும் நீர், இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக நினைக்க வைக்கும். மூட்டம், இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும். இரண்டுமே விமானியைத் தாழ இறங்கத் தூண்டுபவை.

இத்தனை பலவீனமான கண்ணிடம்தான் கடைசி முடிவை ஒப்படைத்திருக்கிறோம். ஐஎல்எஸ் எனப்படும் கருவி, வானொலி அலைகளால் விமானத்தை ஓடுபாதைக்கு நேராக அழைத்து வருகிறது. அதன் முதல் வகையில், தரையிலிருந்து 200 அடி உயரத்தில் விமானி நிமிர்ந்து வெளியே பார்க்க வேண்டும். ஓடுபாதையோ அதற்கு முன்னுள்ள வழிகாட்டி விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். தரையைத் தொடப் பதினைந்து நொடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அப்போது மிச்சம் இருக்கும்.

இந்த வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்பதை ஐஎல்எஸ் சொல்லாது, கண் சொல்லும். டெல்லியில் இருப்பதுபோல விமானம் தானே இறங்கும் மூன்றாம் வகை வசதியை எல்லா ஊரிலும் வைக்கலாமே என்று கேட்கலாம். டெல்லியின் சிக்கல் டிசம்பர், ஜனவரி மூடுபனி. பனி நாளில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். நம் ஐப்பசி, கார்த்திகை மழை காற்றோடு வருவது. தானியங்கி இறக்கத்துக்குக் காற்று வரம்புகள் கறாரானவை. தெற்கே கண்ணைத் தவிர்க்க வழியில்லை.

என் குறை வேறு. நடைமுறையில் இந்த விதி "தெரிகிறதா?" என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. "தெரிவது சரியா?" என்ற கேள்வி மறந்துபோகிறது. விளக்கு தென்பட்டதும் மனது இறங்குவதென்று முடிவு கட்டிவிடுகிறது. பிறகு கருவிமீது கண் போவதில்லை.

2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் இறங்கியது. முதல் முயற்சியில் தலைமை விமானியின் பக்கத்து வைப்பர் நின்றுபோனது, அவர் மேலேறிவிட்டார். அடுத்த முறை எதிர்த்திசையிலிருந்து, முதுகில் காற்றோடு வந்தார். 8,858 அடி ஓடுபாதையில் ஏறக்குறைய பாதியைத் தாண்டி, 4,438-வது அடியில் சக்கரம் தொட்டது. மேசைபோன்ற குன்றின் விளிம்பைக் கடந்து விழுந்ததில் இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். நிலைப்படாத இறக்கத்தைத் தொடர்ந்ததும், துணை விமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலேறச் சொல்லியும் இறங்கியதும்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. மழையும் சரிவர இயங்காத வைப்பரும் சேர்ந்து தூரத்தையும் ஆழத்தையும் தவறாகக் காட்டியிருக்கக்கூடும் என்றும் சொன்னது. நியாயமாகச் சொன்னால், கிராஃப்ட் கண்ட மயக்கம் ஓடுபாதைக்கு முன்பே விழவைப்பது. இங்கு நடந்தது நேர் எதிர். இரண்டுக்கும் பொதுவானது, கண் கொடுத்த அனுமதியை ஓட்டுபவர் மறுபடி சோதிக்காததுதான்.

மாற்று வழி உண்டு. துணை விமானி கருவியைப் பார்த்தே ஓட்டுவார். தலைமை விமானி வெளியே மட்டும் பார்ப்பார். ஓடுபாதை தெரிந்தால்தான் அவர் கட்டுப்பாட்டை வாங்குவார். வாங்காவிட்டால் துணை விமானி கேள்வியே இல்லாமல் மேலே ஏறிவிடுவார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் இதைப் பல்லாண்டு கடைப்பிடித்தது. இறங்குவதற்குத்தான் தனியாக முடிவெடுக்க வேண்டும், மேலேறுவது தானாக நடக்கும் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் 200 அடியில் கைமாற்றுவது சாதாரண விஷயமில்லை. அதுவரை காற்றின் இழுப்பைக் கையில் உணராதவர், அதே காற்றில் சில நொடிகளில் இறக்க வேண்டும். மூடுபனிக்கு நல்ல முறை. புயல் மழைக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

நம் ஊர்களுக்கு உடனே பயன்படுவது எளிய விளக்குகள். ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் பாப்பி என்ற நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி. நான்கும் சிவந்தால் ஆபத்தான தாழ்வு. நீர் வழியும் கண்ணாடியில் அந்த நிறமே கலங்கலாம் என்பதால், இறங்கும் வரை ஒருவர் கண் ஐஎல்எஸ் முள்ளை விட்டு நகரக் கூடாது. மதுரையின் 7,500 அடி ஓடுபாதையை நீட்டுவது பற்றி இங்கே பேசாதவர் இல்லை. வைப்பரையும் விளக்கையும் பற்றிப் பேசுபவர் குறைவு. அவற்றுக்குத் திறப்பு விழா நடத்த முடியாதே!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில், சென்னையில் ஓர் இண்டிகோ விமானம் தரையைத் தொடும் தறுவாயில் மேலெழுந்த காணொளி எங்கும் சுற்றியது. நூலிழையில் தப்பியது என்று தலைப்பிட்டார்கள். விமானி செய்தது கோ அரவுண்ட். கைப்பேசியில் அதைப் பார்த்து உச்சுக் கொட்டிய நாமே, மதுரையில் இறங்க வேண்டிய விமானம் மழையால் கோயம்புத்தூருக்குத் திரும்பினால் கவுண்டரில் போய்ச் சண்டை பிடிக்கிறோம்.