கப்பா: படமா, சொல்லா?

ட்விட்ச்சில் கேம் நேரலை பார்ப்பவர்களுக்கு கப்பாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையாளிகள் மீன் குழம்போடு சாப்பிடும் கப்பை அல்ல இது. அரட்டைப் பெட்டியில் ஆங்கிலத்தில் கப்பா என்று ஐந்து எழுத்தைத் தட்டினால், அந்த இடத்தில் ஒரு இளைஞரின் சாம்பல் நிற முகம் தோன்றும். உதட்டோரம் லேசான சிரிப்பு. "சொன்னதை அப்படியே நம்பிடாதீங்க, கிண்டல் பண்றேன்" என்று அர்த்தம். இப்படித் தோன்றும் குட்டிப் படங்களுக்கு எமோட் என்று பெயர்.

எமோட், எமோஜி பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "எழுத்தை விட்டுட்டு மறுபடியும் குகை ஓவியத்துக்குப் போறோம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். எமோஜி விஷயத்தில் அது சரியா என்று தெரியவில்லை, அது தனிக் கதை. எமோட் விஷயத்தில் இது தலைகீழ். கப்பா படம் அல்ல, சொல். படம் அதற்கு ஒரு சட்டை மாதிரி, அவ்வளவுதான்.

முதலில் பூர்வீகம். ட்விட்ச்சின் தாய் நிறுவனம் ஜஸ்டின்.டிவி. 2009இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜோஷ் டிசேனோ என்ற பொறியாளர் அரட்டை மென்பொருளைத் திருத்தி எழுதினார். அப்போது சில எமோட்களைச் சேர்த்தவர், தன் அலுவலக அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் உள்ளே நுழைத்துவிட்டார். ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் கப்பா என்று ஒரு நீர்வாழ் குட்டிப் பூதம் உண்டு, தலையில் தண்ணீர்க் குழியோடு திரியும். அந்தப் பெயரைத்தான் வைத்தார். 2011இல் கேம்களுக்கென்று ட்விட்ச் தனியாகப் பிரிந்தது. 2014இல் அமேசான் அதைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு ஊழியரின் ஐடி கார்டு முகமும் அந்த விலைக்குள் அடக்கம்.

இனி இயந்திரம். ட்விட்ச் அரட்டை அடிப்படையில் பழைய ஐஆர்சி. நீங்கள் அனுப்பும் செய்தி வெறும் எழுத்தாகத்தான் போகிறது, வெறும் எழுத்தாகத்தான் மற்றவர்களுக்கு வருகிறது. கூடவே ஒரு சின்னக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும்: 25:0-4. எமோட் எண் 25, பூஜ்யத்தில் தொடங்கி நான்காவது எழுத்து வரை, என்று பொருள். 25 என்பது கப்பாவின் எண். இதைப் படித்து அந்த ஐந்து எழுத்தின் மேல் படத்தை ஒட்டுவது உங்கள் பிரவுசரின் வேலை. ஒட்டாவிட்டால் எழுத்து அப்படியே தெரியும். முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் படம் வராது. ஆனாலும் படமே வராத யூடியூப் அரட்டையிலும் ரெடிட்டிலும் ஆட்கள் வாக்கியக் கடைசியில் கப்பா என்று போட்டுவிட்டுப் போகிறார்கள், படிக்கிறவர்களுக்கும் புரிகிறது. நேரலையில் பேசிக்கொண்டே கப்பா என்று வாயாலேயே சொல்லி முடிப்பவர்களும் உண்டு. வாயால் சொல்லும்போது படம் எங்கே இருக்கிறது?

அது உட்காரும் இடத்தையும் பாருங்க. பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசி. சுலபமான கட்டத்தில் ஒருத்தர் பள்ளத்தில் விழுந்து சாகிறார், அரட்டையில் "என்னா ஆட்டம் கப்பா" என்று வருகிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது புதுசே இல்லை. "இவரு பெரிய கலெக்டராக்கும்" என்கிறோமே, அந்த ஆக்கும் செய்வதும் இதையேதான். வாக்கியம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கடைசியில் வருகிற ஒட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. ஆக்கும் கிண்டலாக மட்டும் வராது, ஊகமாகவும் வரும், அழுத்தமாகவும் வரும். எது என்பதைக் குரல்தான் சொல்லும். கப்பாவுக்குக் குரல் இல்லாததால் அது ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டது.

குரல் இல்லாத இடத்தில் கிண்டலைக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு பழசு. 1899இல் ஆல்கான்டர் த பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞர் கிண்டலுக்கென்று ஒரு நிறுத்தக்குறியை முன்வைத்தார், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2010இல் அமெரிக்காவில் சார்க்மார்க் என்று ஒரு குறியை 1.99 டாலருக்கு விற்கவே பார்த்தார்கள். கேள்விக்குறியைக் காசு கொடுத்து வாங்குவீர்களா? 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் நகைச்சுவைக்காகப் பரிந்துரைத்த முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மட்டும் பிழைத்தது. ஆனால் அது சீக்கிரமே வெறும் சிரிப்பாகத் தேய்ந்துபோனது. கப்பாவை யாரும் முன்மொழியவில்லை. அது அங்கே கிடந்தது, அந்த அரைச் சிரிப்பு பொருத்தமாக இருந்தது, சனம் எடுத்துக்கொண்டது. சொற்களும் இப்படித்தானே புழக்கத்துக்கு வருகின்றன.

சொல்லைப் படம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு போக்சாம்ப் நல்ல பாடம். ஆச்சரியத்தில் வாய் பிளந்த ஒரு முகம். சண்டை கேம் வட்டாரத்தில் கூடெக்ஸ் என்று அறியப்பட்ட ரயன் குட்டியெரெஸின் படம். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் கலவரம் நடந்தது. அதையொட்டி அவர் போட்ட பதிவுகள் மேலும் வன்முறையைத் தூண்டுகின்றன என்று சொல்லி ட்விட்ச் அந்தப் படத்தை எடுத்தது. எடுத்தது சரி. அடுத்துச் செய்ததுதான் அசட்டுத்தனம். போக்சாம்ப் என்ற சொல்லை வைத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்கு ஒரு புது முகம் என்று மாற்ற ஆரம்பித்தார்கள். ஒரு நாள் முகமாக வந்த கறுப்பின ஒளிபரப்பாளர் ஒருவர் மேல் இனவெறி வசவு கொட்டியது. லட்சக்கணக்கானவர்கள் பேசும் ஒரு சொல்லின் மேல் ஒரு மனிதரின் முகத்தை ஒட்டினால், அந்தச் சொல்லின் மேல் இருக்கும் கோபமும் அவர் தலையில்தான் விழும். பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து ஒரு கொமோடோ டிராகனை உட்கார வைத்தார்கள். பல்லிக்கு யார் திட்டினாலும் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் நடுவில் 'போக்' என்ற சொல் எந்த முகமும் இல்லாமல் ஜாலியாகப் புழங்கிக்கொண்டிருந்தது.

எமோட்டைச் சொல் என்று ஏற்றுக்கொண்டால் அதன் கெட்ட குணங்களையும் சொல்லுக்குரிய கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஆக்கும் என்று நக்கலடிக்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பேரும் ஊரும் தெரியும், முகம் சுளித்தால் அவருக்குப் புரியும். ஆயிரக்கணக்கானவர்கள் ஓடும் அரட்டையில் ஒருத்தர் ஒரு இனத்தை இழிவாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கப்பா போட்டால், அது கிண்டல் குறி அல்ல, வேலி. "நான் சும்மா சொன்னேன்" என்று தாண்டி ஓடிவிடலாம்.

இன்னும் சிக்கலானது ட்ரைஹார்ட். ட்ரைஹெக்ஸ் என்ற பெயரில் ஆடும் மைக்கல் ஜெஃபர்சனின் சிரித்த முகம். அவர் கறுப்பினத்தவர். மகிழ்ச்சிக்கும் வணக்கத்துக்கும் ஆனது அது. பக்கத்தில் 7 போட்டால் சல்யூட் அடிக்கும் கை மாதிரி இருக்கும். ஆனால் திரையில் கறுப்பினத்தவர் யாராவது வந்தாலே அரட்டை முழுக்க ட்ரைஹார்டாகக் கொட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. படத்தில் வசவு ஏதும் இல்லை, எழுத்திலும் இல்லை. எப்போது போட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் ஓவர்வாட்ச் லீக், டல்லாஸ் ஃப்யூவல் அணி வீரர் ஒருவருக்கு ஒரு எமோட்டை இன இழிவாகப் பயன்படுத்தியதற்காக 4,000 டாலர் அபராதமும் நான்கு ஆட்டத் தடையும் விதித்தது. அவர் போட்டது இந்த ட்ரைஹார்ட்தான். அதை வைத்து அன்று எழுந்த சண்டையை இணையத்தில் இன்றும் படிக்கலாம். பாதிப் பேர் "அது வெறும் முகம்" என்கிறார்கள், மீதிப் பேர் "எப்ப போட்டார்னு பாரு" என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

எமோட் கடைசியில் எழுத்துதான் என்பதால், ஒரு சேனலின் தடைப்பட்டியலில் ட்ரைஹார்ட் என்று சேர்த்தால் வேலை முடிந்தது, மென்பொருளுக்கு இதைவிடச் சுலபமான வேலை இல்லை. சேர்த்த இடத்தில் அதே வேலைக்கு கமான்ப்ரூ என்ற இன்னொரு கறுப்பின முகம் கைவசம் இருக்கிறது. வணக்கம் சொல்ல வந்தவருக்குத்தான் சொல் போய்விடுகிறது.